வண்டல் மண்ணில் ஒரு திமிங்கிலப் பல்

புரட்டாசி இரண்டாம் வாரத்தில், மழைக்கு முந்திய கடைசிச் சூளையைப் பிரித்தபோது, நான் மண்ணில் செய்த மூன்றாவது திமிங்கிலப் பல் சாம்பலுக்குள்ளிருந்து முழுதாக வந்தது; அதைத் துணியால் துடைத்து அளந்தேன். நீளம் 36.1 செ.மீ. இருந்தது. நான் எட்ட நினைத்த அளவு 36.2. வைகாசியில் தொடங்கிய வேலை ஐந்து மாதங்களுக்குப் பிறகு ஒரு மில்லிமீட்டர் குறையோடு கைகூடியதால், இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகப் பிழைகள் உட்பட முழுவதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு மாணவி, கடல் அங்கே இருந்ததென்றால் திமிங்கில எலும்பு ஏன் இல்லை என்று கேட்டாள். அரியலூர்ப் படிவங்கள் டைனோசர் காலத்தவை என்றும், திமிங்கிலங்கள் தோன்றியது அதற்கு வெகு பின்னால், ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்றும் விளக்கினேன். விளக்கம் சரியானதுதான். ஆயினும் அவள் கையில் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது மனத்தில் தங்கிவிட்டது. அப்போதுதான், அழிந்துபோன பல்லுள்ள திமிங்கிலங்களில் ஒன்றான லிவ்யாட்டனின் பல் ஒன்றை உண்மை அளவில் செய்து தருவது என்று முடிவு செய்தேன்.

லிவ்யாட்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பல்தான். 2008 நவம்பரில், பெரு நாட்டின் இக்கா பாலைவனத்தில், செரோ கொலராடோ என்னும் இடத்தில் இதன் மண்டையோடும் கீழ்த்தாடையும் பற்களோடு கிடைத்தன. மண்டையோடு மட்டுமே 3 மீட்டர் நீளம். பற்களில் மிகப் பெரியது 36.2 செ.மீ. நீளமும், பருமனான இடத்தில் ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமும் கொண்டது. யானைத் தந்தம் போன்றவற்றை விட்டுவிட்டால், கடித்து உண்ணப் பயன்பட்ட பற்களில் இதைவிடப் பெரியது எந்த விலங்குக்கும் அறியப்படவில்லை. இன்று வாழும் எண்ணெய்த் திமிங்கிலம் இதன் உறவு. அதற்குக் கீழ்த்தாடையில் மட்டுமே பயன்படும் பற்கள் உண்டு. அது கணவாய்களை உறிஞ்சி விழுங்குகிறது. லிவ்யாட்டனுக்கோ இரு தாடைகளிலும் எனாமல் போர்த்திய பற்கள் இருந்தன. சதையைக் கடித்துப் பிய்க்கும் தாடை அது; பல்லுக்குப் பதில் சல்லடை போன்ற தகடுகள் கொண்ட, நடுத்தர அளவிலான பலீன் திமிங்கிலங்களே அதன் இரையாக இருந்திருக்கும் என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அது வாழ்ந்த காலம் இன்றைக்கு 99 முதல் 89 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

மண் வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது வழக்கம் என்பதால், கல்லணை தாண்டித் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து குளங்கள் நிறைவதற்குள் மண் எடுத்தாக வேண்டும். குளத்து மண் எடுக்க அனுமதி வேண்டும்; ஆகவே நானாக எடுக்காமல், அனுமதி பெற்று மண் அடித்து வைத்திருந்த வேளார் பெரியவர் ஒருவரிடம் நான்கு கூடை வண்டலை 200 ரூபாய்க்கு வாங்கினேன். அவர் பானை, அடுப்பு, அகல் எல்லாம் செய்வார். ஐயனார் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் மண்குதிரைகளும் செய்வார். அவருடைய குதிரை வேலைதான் கடைசியில் என் பல்லைக் காப்பாற்றியது. ஆனால் அதை நான் கேட்டறிந்தது முதல் பல் வெடித்த பிறகுதான்.

முதல் பல்லைக் கெட்டியாக, உள்ளே வெற்றிடம் இல்லாமல் செய்தேன். பானைக்குப் பிசைந்த மண்ணையே எடுத்து, 36.2 செ.மீ. நீளத்துக்கு உருட்டி, ஒரு முனையைக் கூராக்கினேன். வடிவத்திலும் பெரிய தவறு செய்திருந்தேன். அடியில் பருத்து நுனிவரை சீராகக் கூர்மையாகும் கோரைப்பல் ஒன்றை, கோயில் யாளியின் வாயில் பார்ப்போமே, அப்படி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு செய்துவிட்டேன். இத்திமிங்கிலத்தின் பல் அப்படிப்பட்டதன்று. அதன் நீளத்தில் பெரும்பகுதி தாடைக் குழிக்குள் புதைந்திருக்கும் வேர். எனாமல் போர்த்திய கூர்ப்பகுதி நுனியில் சிறிதளவே. பருமனும் வேர்ப்பகுதியில்தான் இருக்கிறது. படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கட்டம் போட்டுப் பார்த்தபோதே இது தெரிந்திருக்க வேண்டும். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டது.

ஆறு நாள் நிழலில் காய்ந்தது. மேற்புறம் வெளுத்து, தட்டினால் ஓசை வந்தது. காய்ந்துவிட்டது என்று நம்பினேன். பெரியவர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள ஈரம் நிக்குது தம்பி, இன்னும் ஒரு மாசம் போட்டாலும் நடு காயாது” என்றார். ஜூன் முதல் வாரச் சூளையை விட்டால் அடுத்தது எப்போதோ என்ற அவசரத்தில் அதை வைக்கச் சொல்லி வற்புறுத்தியவன் நான்தான். தீ வைத்த ஒரு மணி நேரத்துக்குள் சூளைக்குள் வெடிச்சத்தம் கேட்டது. 12 செ.மீ. கனமான மண்ணின் நடுவே சிக்கிய நீர் ஆவியாகிப் பல்லை உடைத்ததோடு, பக்கத்திலிருந்த இரண்டு பானைகளையும் உடைத்துவிட்டது. பானைகளுக்கு 160 ரூபாய் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குதிரையின் கால் எப்படி வெடிக்காமல் வருகிறது என்று கேட்டேன். அவர் செய்து காட்டினார். வைக்கோலைப் பிரியாகத் திரித்துக் கருவாகச் சுற்றி, அதன் மேல் மண்ணை விரற்கனத்துக்கு அப்புகிறார். மண்ணோடு ஆற்று மணலும் உமியும் சேர்கின்றன. சூளைத் தீயில் வைக்கோல் எரிந்து உள்ளே வெற்றிடமாகிறது. ஆவியும் புகையும் வெளியேற வயிற்றிலோ குளம்பிலோ ஓட்டை விடுகிறார். எனக்கு இதில் இன்னொரு வசதியும் இருந்தது. பல்லின் வேர் நுனியில், உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் கூழ் அறைக்கான திறப்பு இயற்கையாகவே உண்டு என்பதால், ஆவி போக நான் விடும் ஓட்டையைப் பொய்யாக எங்கும் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பல்லுக்கு மண் ஆறு பங்கு, சலித்த ஆற்று மணல் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு என்று கலந்து, காலால் மிதித்து, ஈரத்துணி போர்த்தி இரண்டு நாள் ஊறவிட்டேன். உமி அரிசி ஆலையில் விலையின்றிக் கிடைத்தது. இந்த முறை கட்டம் போட்ட படத்திலிருந்து அட்டையில் பக்கவாட்டு வடிவத்தை வெட்டி எடுத்து, மண்ணின் மேல் வைத்து வைத்துச் சரிபார்த்தேன். பல் சற்று வளைந்திருப்பதால் சக்கரத்தில் வைத்துச் சுழற்ற வழியில்லை. கையால்தான் வனைய வேண்டும். வடிவம் நன்றாக வந்தது.

காயும்போது நான்காம் நாள், வேர்ப் பகுதியில் நீளவாக்கில் 11 செ.மீ. விரிசல் ஓடியது. பிரியை நான் முறுக்கிச் சுற்றியிருந்தேன். மண் காயும்போது சுருங்குகிறது. உள்ளே கரு இறுகியிருந்தால் சுருங்க இடமின்றி மண் கிழிகிறது. கருவின் உட்சுற்று இறுக்கமாகவும், கடைசி இரண்டு சுற்றுகள் கையால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னார். விரிசலில் குழைத்த மண்ணைத் திணித்து மூடி, ஜூலை மாதச் சூளையில் வைத்தோம். வெடிக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அளக்கும் வரையில். நீளம் 32.9 செ.மீ.; பருமன் 10.9 செ.மீ.

மண் சுருங்கும் என்பதை விரிசல் வந்த நாளிலேயே கண்ணால் கண்டிருந்தும், பல் முழுவதும் அதே அளவில் சிறுத்துப்போகும் என்று கணக்கிடத் தவறியிருந்தேன். 32.9 போதுமே, பிள்ளைகளுக்கு அதுவே பெரிதுதானே என்று உடன் பணியாற்றும் நண்பர் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. இந்தப் பல்லைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்த எண்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது 36.2. ஒரு பிள்ளை அளந்து பார்த்து, எழுதியிருப்பது ஒன்றும் இருப்பது வேறொன்றுமாகக் காண நேர்ந்தால், நான் சொல்லித் தரும் மற்ற அளவுகளை அது ஏன் நம்ப வேண்டும்?

ஆகவே ஆகஸ்டு முழுவதும் பல் செய்யாமல் பட்டை செய்தேன். அதே ஆறு–இரண்டு–ஒன்று கலவையில் 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. கனமுள்ள மூன்று மண்பட்டைகளைத் தட்டி, ஒவ்வொன்றின் மேலும் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் ஊசியால் இரண்டு கோடுகள் கீறினேன். நிழலில் முழுதும் காய்ந்ததும் அந்த இடைவெளி 9.4 ஆனது. சூளையிலிருந்து வந்தபின் மூன்றிலும் 9.1 என்றே இருந்தது. அதாவது நூற்றுக்கு ஒன்பது பங்கு சுருக்கம். 36.2-ஐ 0.91-ஆல் வகுத்தால் 39.8, 12-ஐ வகுத்தால் 13.2. ஈர மண்ணில் நான் செய்ய வேண்டிய பல்லின் அளவு அதுதான். பட்டைகளைப் பெரியவரின் அகல் விளக்குகளோடு சேர்த்துச் சுட்டதால் தனிச் செலவு இல்லை. இதை வைகாசியிலேயே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். வண்டலின் சுருக்கம் குளத்துக்குக் குளம் மாறும். மணலும் உமியும் கூடினால் குறையும். எனவே என் 0.91-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அவரவர் மண்ணில் பட்டை சுட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது பல்லுக்குக் கருவை 10.2 செ.மீ. பருமனுக்குச் சுற்றினேன், வெளிச்சுற்று இரண்டும் தளர்வு. அதன் மேல் பழைய செய்தித்தாளை ஒரு சுற்று ஒட்டாமல் சுற்றினேன். மண் வைக்கோலில் பிடித்துக்கொள்ளாமல் நழுவிச் சுருங்க இது உதவியது. மண் கனம் எங்கும் ஒன்றரை செ.மீ.; குச்சியைக் குத்தி அளந்து, குழியை உடனே மூடினேன். வேர் நுனியில் 2 செ.மீ. ஓட்டை. நகம் அழுந்தாத அளவுக்கு மண் இறுகியதும் மேற்பரப்பு வேலையைத் தொடங்கினேன். வேரில் நீளவாக்கில் மெல்லிய வரிப்பள்ளங்களை மூங்கில் சிம்பால் கீறிச் சொரசொரப்பாக விட்டேன். கூர்ப்பகுதியில் மட்டும் செங்காவியைக் குழைத்துப் பூசி, அது உலர்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்தேன். பெரியவரின் மனைவி பானைக் கழுத்தைத் தேய்க்க வைத்திருந்த கல் அது. முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்து ஒரு பக்கம் கண்ணாடி போலாகியிருந்தது. சிறு சிறு வட்டமாக, அழுத்தாமல், ஒரே இடத்தில் நிற்காமல் தேய்க்க வேண்டும் என்று அவர் என் கையைப் பிடித்துக் காட்டினார். இரண்டு மணி நேரம் தேய்த்த அந்தப் பளபளப்பு தீயிலும் நின்றது. வண்ணமோ வார்னிஷோ பூசியிருந்தால் எனாமலுக்கும் வேருக்கும் உள்ள வேறுபாடு விரலுக்குத் தெரிந்திருக்காது. இப்போது கண்ணை மூடித் தடவினாலும் எங்கே கூர் முடிந்து வேர் தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

பதினெட்டு நாள் காய்ந்தது. முதல் பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்தி மெதுவாக, பிறகு நிழலில், கடைசி இரண்டு நாள் வெயிலில். சூளையில் வைப்பதற்கு முன் அன்று பிற்பகல் முழுவதும் அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். சூளையில் கீழே வறட்டி, மேலே வைக்கோல், நடுவில் பானைகளுக்கிடையே பல், அதன் மேல் மீண்டும் வைக்கோல், எல்லாவற்றுக்கும் மேல் சேற்றுப் பூச்சு. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பற்றவைத்து, இரவு முழுவதும் அடங்கி எரியவிட்டு, ஆறும்வரை இரண்டு நாள் தொடவில்லை.

பல் வந்தது 36.1. ஆனால் பருமனில் ஒரு குறை உண்டு. மணற்படுக்கையில் ஒரே பக்கமாகப் படுக்க வைத்துக் காயவிட்டதால், தன் எடையாலேயே தாழ்ந்து, ஒரு திசையில் 12.3, குறுக்குத் திசையில் 11.6 என்று சற்றுத் தட்டையாகிவிட்டது. காலையும் மாலையும் கால் சுற்று திருப்பி வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

எடையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. உள்ளே வெற்றிடமான பல் 2.3 கிலோ மட்டுமே இருந்தது. உண்மைப் பல் இவ்வளவு இலேசாக இருந்திருக்காது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் அருகே போமாரிஸ் கடற்கரையில், லிவ்யாட்டனை ஒத்த ஒரு திமிங்கிலத்தின் பல் கிடைத்தது; ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள் பழையதான அது 30 செ.மீ. நீளமும் சுமார் 3 கிலோ எடையும் கொண்டது. அதைவிட நீளமான பல் அதைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்பதால், ஆற்று மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, வேர் ஓட்டை வழியாகப் புனல் வைத்து நிரப்பினேன். 1.3 கிலோ மணல் கொண்டது; மொத்தம் 3.6 கிலோ. ஓட்டையில் துணியைத் திணித்து, உள்ளடங்கிய குழியாகத் தெரியும்படி எம்-சீல் வைத்து மூடினேன். மணலை வறுக்காமல் நிரப்பினால் ஈரம் மண் சுவரில் உப்புப் பூக்கும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார்.

பெயர்ப்பலகை விஷயத்திலும் ஒரு திருத்தம். முதலில் சுட்ட மண் பலகையில் லெவயதன் என்று பொறித்திருந்தேன். பழைய கட்டுரை ஒன்றில் அப்படி இருந்தது. 2010 ஜூலையில் ஒலிவியே லம்பேரும் உடன் ஆய்வாளர்களும் இதை முதலில் விவரித்தபோது வைத்த பெயர் அதுதான். ஆனால் அப்பெயர், அழிந்துபோன மாஸ்டடான் யானை ஒன்றுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே சூட்டப்பட்டிருந்ததால், விலங்கியல் பெயரிடல் விதிப்படி செல்லாது. அதே ஆண்டிலேயே எபிரேய ஒலிப்பில் லிவ்யாட்டன் என்று மாற்றினார்கள். நானும் பலகையை மாற்றிச் செய்தேன்.

மொத்தச் செலவு: மண் 200, மூன்று சூளைப் பங்கு 750, உடைந்த பானைகள் 160, செங்காவி 60, காலிப்பர் 180, எம்-சீல் 40, பஞ்சு வைத்த மரப்பெட்டி 350, ஆக 1,740 ரூபாய். பெரியவர் கற்றுத் தந்ததற்கு அவர் எதுவும் வாங்கவில்லை. அதைக் கணக்கில் எழுத எனக்கு வழி தெரியவில்லை.

பள்ளிக்குக் கொண்டுசென்ற அன்று, பெட்டியைத் திறப்பதற்கு முன் முற்றத்தில் கோலமாவால் 3 மீட்டர் நீளத்துக்கு மண்டையோட்டின் வெளிக்கோட்டைப் பிள்ளைகளையே வரையச் சொன்னேன். அதன் பின்னால் கயிறு பிடித்து, உடல் நீளத்துக்கான மதிப்பீடான 13.5 மீட்டருக்கு ஒரு கோடும் 17.5 மீட்டருக்கு ஒரு கோடும் போட்டோம். இரண்டாவது கோடு சத்துணவுக் கூடத்தின் வாசற்படி வரை போனது. பிறகு பல்லை எடுத்துத் தாடை இருக்கும் இடத்தில் வைத்தேன். அரியலூரில் கேட்ட அதே மாணவி தன் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்துப் பல்லின் மேல் வைத்தாள். அது 30 செ.மீ. கோல். கோல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, கோலை நகர்த்தி, மீதியை எண்ணி, “ஆறு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் சார்” என்றாள். பலகையில் 36.2 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு மில்லிமீட்டர் சூளையில் போயிற்று என்று சொல்லி, மூன்று மண்பட்டைகளையும் அவளிடம் கொடுத்தேன். அவற்றையும் அளந்தாள்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக எண்ணெய்த் திமிங்கிலத்தின் பல்லையும் அதே மண்ணில் 20 செ.மீ. அளவில் செய்திருந்தேன். அது இன்றும் நம் பக்கத்துக் கடலில், திருகோணமலைக்கு அப்பால், மூச்சுவிட மேலே வரும் விலங்கு என்றதும் பிள்ளைகள் அதைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்கள். நாளிதழ்களில் அவ்வப்போது பிடிபட்டதாகச் செய்தி வரும் அம்பர்கிரிஸ் என்னும் திமிங்கில அம்பர் அதன் குடலில் உண்டாவது என்பதைச் சொல்ல அங்கே இடம் கிடைத்தது.

நான்காவது பல் இப்போது திண்ணையில் இருக்கிறது. இந்த முறை வேர்ப்பக்கத்தை மணலில் ஊன்றி, நுனி மேலாக நிறுத்தியிருக்கிறேன். காலையும் மாலையும் கால் சுற்று திருப்புகிறேன். ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் காய்வது மிக மெதுவாக நடக்கிறது. 39.8-இல் நின்ற பல் பதினோராம் நாளான இன்று காலை 38.7, இரண்டு திசையிலும் பருமன் 12.8. தை மாதச் சூளைக்குப் பெரியவரிடம் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.